மேட்டூரில் எத்தனை அடி?

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது அப்பாவின் ஊர். பள்ளி விடுமுறைக்கு நாங்கள் அங்கே போய் இறங்கும்போதெல்லாம், கையிலிருக்கும் பெட்டியைத் திண்ணையில் வைப்பதற்குள் அப்பாயி கேட்கும் முதல் கேள்வி, "மேட்டூர்ல எத்தனை அடி ஏறியிருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். அப்பா மேட்டூர் அணையில் பொதுப்பணித் துறை ஊழியராக இருந்தவர். காலை எட்டு மணிக்கு அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வது அவருடைய அன்றாட வேலைகளில் ஒன்று. ஆகையால் அவர் தோராயமாகச் சொல்ல மாட்டார். "தொண்ணூத்தி மூணு புள்ளி ரெண்டு அஞ்சு" என்று, மகனாக அல்லாமல் அலுவலகத்தின் சார்பில் பேசுகிறவரைப் போலச் சொல்வார். அப்பாயி அதைத் தொண்ணூற்று மூன்றேகாலாக்கி, அண்டை வீட்டுக்காரர்களுக்கு மதில் வழியாகவே தெரிவித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

மேட்டூருக்குப் பக்கத்துக் கொளத்தூரில் அம்மாவைப் பெற்ற அம்மாயியும் இதே கேள்வியைத்தான் கேட்பார். ஆனால் அவருடைய வினைச்சொல் வேறு: "அணை எத்தினி அடிக்கு எறங்கியிருக்குது கண்ணு?" ஏறியிருக்கிறதா என்று ஒரு பாட்டியும், இறங்கியிருக்கிறதா என்று இன்னொரு பாட்டியும் கேட்டதில் இருந்த வேறுபாடு எனக்கு வெகுநாள் வரைக்கும் தட்டுப்படவே இல்லை. வட்டார வழக்கு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொளத்தூர் என்று சொன்னவுடன் வெளியூர்க்காரர்கள் வீரப்பனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவரைப் புதைத்த இடமும் மேட்டூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சைக் காட்டிலும் தண்ணீரைப் பற்றிய பேச்சு மிகப் பழையது. அம்மாயியின் பிறந்த ஊர், பண்ணவாடிக்கு அருகே காவிரியின் மேற்குக் கரையில் இருந்த ஒரு சிற்றூர். இருந்த என்று இறந்த காலத்தில் எழுதுவதா, இருக்கிற என்று நிகழ்காலத்தில் எழுதுவதா என்பதில் எனக்கு இன்றைக்கும் குழப்பம் உண்டு. அது மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புக்குள் கிடக்கிறது. அணை நிறைந்தால் தண்ணீருக்கு அடியில். அணை வற்றினால் சேற்றுக்கு மேலே.

அணையின் கதையைப் பொறியாளர்களின் பக்கத்திலிருந்து பலரும் எழுதியிருக்கிறார்கள். சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே நெடுங்காலம் இழுபறியாக இருந்த விவகாரம் 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஓரளவு முடிந்து, 1925இல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் மாதத்தில் அணை திறக்கப்பட்டது. அப்போது ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயரால் அது ஸ்டான்லி நீர்த்தேக்கம் ஆயிற்று. திட்டத்தை வகுத்த எல்லிஸ் என்ற பொறியாளரின் பெயர், உபரிநீர் வெளியேறும் பதினாறு கண் மதகோடு ஒட்டிக்கொண்டது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; முழு மட்டம் 120 அடி; நிறைந்து நிற்கும்போது ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்பில் தண்ணீர் விரிந்து கிடக்கும். இந்த எண்களை அப்பா எனக்கு வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த 59 சதுர மைலும் அதற்கு முன்னால் என்னவாக இருந்தது என்பதை அவர் சொன்னதில்லை. ஒளித்தார் என்று சொல்ல வரவில்லை. அவரிடம் இருந்த கோப்புகளில் அது இல்லை, அவ்வளவுதான்.

அது வெறும் காடாக இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. காவிரி அந்நாளில் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களுக்கு இடையே எல்லையாக ஓடிக்கொண்டிருந்தது. மேற்குக் கரையில் இருந்த காவிரிபுரத்தைத் தொட்டுத்தான் மைசூர்ச் சீமையிலிருந்து கணவாய் வழியாக இறங்கும் பாதை சமவெளிக்கு வந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நாட்டை அளந்தும் விசாரித்தும் எழுதிக்கொண்டு வந்த பிரான்சிஸ் புக்கானன் அந்தக் கணவாய் வழியாகத்தான் காவிரிபுரத்துக்கு இறங்கினார். அதற்கும் முன்னால், தாரமங்கலத்தைத் தலைநகராகக் கொண்ட கெட்டி முதலிகளின் ஆட்சி இந்தப் பக்கமெல்லாம் இருந்தது. பாரவண்டிகளும் பொதிமாடுகளும் போய்வந்த வழியில் ஊர்கள் இருந்தன. ஊர் என்றால் கோயிலும், களத்துமேடும், கிணறும், மாதா கோயிலும், சண்டை சச்சரவும் எல்லாம் சேர்ந்ததுதான். நாயம்பாடி, சாம்பள்ளி என்ற பெயர்களை அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் வந்தபோது அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். மலை ஏறிப் போய், இன்று கர்நாடகத்தில் இருக்கும் மார்டள்ளியில் குடியேறியவர்களும் உண்டு. அங்கே இன்றைக்கும் தமிழ் பேசும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன.

அம்மாயிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அணையில் தண்ணீர் தேங்கியதைப் பற்றி அவர் சொன்னது, நான் கற்பனை செய்து வைத்திருந்த வெள்ளத்துக்கு நேர்மாறாக இருந்தது. சத்தமே இல்லையாம். "பூனை வர்ற மாதிரி வந்துச்சு" என்பார். மேட்டு நிலத்துக்குக் குடி மாறிய பிறகு, சாயங்காலமானால் ஆண்கள் இறங்கிப் போய், இன்றைக்கு யார் வரப்பு வரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவார்கள்; மறுநாள் அந்த வரப்பு இருக்காது. வளைகளில் தண்ணீர் புகுந்ததால் பாம்பும் எலியும் தேளும் மேட்டுக்கு ஏறி வந்து, புதிதாகப் போட்ட குடிசைகளுக்குள் மனிதர்களோடு சேர்ந்து குடியேறின. பனைமரங்களின் தலைகள் மட்டும் வெகுநாள் தண்ணீருக்கு மேலே நின்றன. அவற்றில் உட்கார்ந்திருந்த கொக்குகளை வைத்துத்தான் எது யாருடைய காடு என்று அடையாளம் சொல்லிக்கொள்வார்களாம். (எங்கள் பக்கத்தில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர், டெல்டாக்காரர்கள் இதைக் கேட்டால் புலி இருக்குமா என்பார்கள்.)

நிலத்துக்கு நட்டஈடு கிடைத்தது. எவ்வளவு என்று அம்மாயிக்குத் தெரியாது. அந்தக் காசில் அவருடைய அப்பா ஒரு சோடி எருது வாங்கினார் என்பதும், அதில் ஒன்று அந்த ஆண்டே செத்துப்போயிற்று என்பதும் மட்டும்தான் தெரியும். கிணற்றுக்கும் மரத்துக்கும் விலை போட்டார்கள், கோயிலுக்கு என்ன விலை போடுவது என்று ஊரில் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். அந்தச் சிரிப்பை அம்மாயி நடித்துக் காட்டுவார். அது சிரிப்பு மாதிரி இருக்காது.

கொண்டுவர முடிந்தவற்றை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அவற்றுள் இன்றைக்கும் மிஞ்சியிருப்பது, கொளத்தூர் வீட்டின் வாசல்நிலை. வேப்பமரத்தில் செய்தது. மேல் சட்டத்தின் நடுவே ஒரு தாமரையும் அதற்கு இருபுறமும் ஒவ்வொரு கிளியும் செதுக்கப்பட்டிருக்கின்றன; இடப்பக்கத்துக் கிளிக்கு மட்டும் கண் போடாமல் தச்சர் விட்டிருக்கிறார். மறந்தாரா, காசு குறைவென்று விட்டாரா என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக விவாதம் நடக்கிறது. நிலையின் இரண்டு கால்களிலும் அடியில் ஒரு சாண் அளவுக்கு ரம்பத்தால் அறுத்த தடம் தெரியும். புதிய வீட்டுக்கு அவ்வளவு உயரமான சுவர் எழுப்ப வசதி இல்லாததால், நிலையைக் குட்டையாக்கிப் பொருத்தினார்கள். பழைய வீட்டில் நிமிர்ந்து நுழைந்த மனிதர்கள் இந்த வீட்டில் குனிந்துதான் நுழைந்தார்கள். உயரமான என் மாமா அந்த நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாத பொங்கல் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

இன்னொன்றும் வந்தது: பிடிமண். குலதெய்வத்தின் கல்லைப் பெயர்க்க மனம் வராமல், கோயில் நின்ற இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, மேட்டில் ஒரு கல்லை நட்டு அதன் அடியில் இட்டு, சாமியை அங்கே குடிவைத்தார்கள். மொட்டை, காதுகுத்து, கெடா வெட்டு எல்லாம் அந்த மேட்டுக் கோயிலில்தான். ஆனால் அம்மாயி கும்பிடும்போது கோயிலைப் பார்த்து நிற்க மாட்டார். கொஞ்சம் திரும்பி, அணைத் தண்ணீர் இருக்கும் பக்கம் முகம் இருக்கும்படி நிற்பார். சிறு வயதில் அது வயதானவர்களின் கவனக்குறைவு என்றே எனக்குப் பட்டது.

1983ஆம் ஆண்டுக் கோடையில் அணை மிகவும் கீழே இறங்கியது. தமிழ்நாடு முழுக்க வறட்சி. எனக்குப் பத்து வயது. நீர்மட்டம் எழுபது அடிக்குக் கீழே போனால் பண்ணவாடியில் முழுகிய சிவன் கோயிலின் நந்தி முழுதாக வெளியே தெரியும். அதற்கும் முன்பே, முழுகிய மாதா கோயிலின் இரட்டைக் கோபுரம் தலைகாட்டிவிடும். அப்பா எண்ணைச் சொன்ன அன்றே அம்மாயி பயணத்துக்குத் தயாராகிவிட்டார். தேங்காய், கற்பூரம், ஒரு தூக்குப்போசியில் கம்பஞ்சோறு, என் கையில் ஒரு மஞ்சள் துணி.

பண்ணவாடிப் பரிசல்துறை என்பது நிரந்தரமாக ஓர் இடத்தில் இருப்பதில்லை. தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் துறையும் பின்னாலேயே போகும். எதிர்க்கரையில் இருக்கும் நாகமரைக்குப் போகிறவர்கள் அன்று வெகுதூரம் சேற்றிலும் வெடித்த மண்ணிலும் நடந்துதான் பரிசலைப் பிடித்தார்கள். வெடிப்புகளுக்குள் என் பாதம் முழுவதும் இறங்கியது. தண்ணீர் விலகிய ஈர நிலத்தில் அதற்குள்ளேயே சிலர் உழுது, எள்ளும் சோளமும் விதைத்திருந்தார்கள். வண்டல் மண் என்பதால் உரமே வேண்டாம், நன்றாக விளையும். அணைக்குத் தண்ணீர் வருவதற்குள் அறுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் பிரச்சினை. பட்டா இல்லாத அந்த நிலங்களில் யார் எங்கே விதைப்பது என்பதற்குக்கூட பழைய அடையாளங்கள் உண்டு என்று அம்மாயி நடந்துகொண்டே சொன்னார். முழுகிப்போன வரப்புகள் அவர்கள் தலைக்குள் அப்படியே இருந்தன.

நந்தியை நான் முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். என் உயரத்தைவிட அது பெரியதாக இருந்தது. கழுத்து மணி மாலையின் ஒவ்வொரு மணிக்கும் இடையில் சேறு காய்ந்து இறுகியிருந்தது. காதுக்குள் ஒரு நத்தை ஓடு. யாரோ அதற்குள் வந்து நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அம்மாயி அதன் முன்னால் தேங்காயை உடைத்துவிட்டு, அங்கே நிற்காமல் தெற்கே நடக்கத் தொடங்கினார். ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி ஒரு மேடு. கூரையோ சுவரோ எதுவும் இல்லாத வெளியில், தெருக்களில் திரும்புகிறவரைப் போல அவர் திரும்பித் திரும்பி நடந்தார். நேராகப் போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று நான் கேட்டதற்கு, "அது செட்டியார் வூடு, உள்ளார பூந்தா போவாங்க?" என்றார். அங்கே மண்ணைத் தவிர எதுவும் இல்லை.

ஓரிடத்தில் நின்றார். கால் கட்டை விரலால் மண்ணைக் கீறினார். தட்டையான பழங்காலச் செங்கற்களின் வரிசை ஒன்று தெரிந்தது. அதற்குச் சற்றுத் தள்ளி, பாதி புதைந்த ஓர் ஆட்டுக்கல். குழவி இல்லை. அம்மாயி அதன் குழியில் இருந்த சேற்றை விரலால் வழித்தெடுத்து, மாவு வழிப்பதைப் போலவே விளிம்பில் விரலைத் தட்டினார். பிறகு உட்கார்ந்து கம்பஞ்சோற்றை எனக்குப் பிசைந்து கொடுத்தார். அழுவார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் என்னைவிடக் குஷியாக இருந்தார். விருந்துக்கு வந்தவரைப் போல அல்ல, வீட்டுக்காரியைப் போல. திரும்பும்போது என் கையிலிருந்த மஞ்சள் துணியில் ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டார்.

அந்த மாதமே நாங்கள் அப்பாயி வீட்டுக்கும் போனோம். குடமுருட்டியில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஆற்றின் நடுவில் கபடி விளையாடினார்கள். குறுவைக்கு நாற்று விடுவதா வேண்டாமா என்று திண்ணையில் தினமும் கூட்டம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது வழக்கம்; தண்ணீர் ஆற்றோடு வந்து, அடுத்த சில நாள்களில் கல்லணையைத் திறந்தால்தான் டெல்டாவின் கிளையாறுகளுக்கு உயிர். அந்த ஆண்டு ஜூன் 12 வெறும் கிழமையாகக் கழிந்துகொண்டிருந்தது. மேட்டூர் மட்டத்தை அப்பா சொன்னபோது அப்பாயி அதை மதில் வழியாக யாருக்கும் அறிவிக்கவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். நந்தியைப் பார்த்ததையும், ஆட்டுக்கல்லையும், கம்பஞ்சோற்றையும் மூச்சுவிடாமல் அப்பாயியிடம் சொன்னேன். அவர் என் வாயைப் பொத்தவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. "நந்தி தெரிஞ்சா நமக்குச் சோறு இல்லைன்னு அர்த்தம்டி கண்ணு" என்றார். அம்மா அடுக்களையில் இருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். ஏறியிருக்கா, எறங்கியிருக்குதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கத் தொடங்கியது. அப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கிடையே என் பெற்றோரின் திருமணம் எப்படி நடந்தது என்பது தனிக்கதை. அதை எழுத இன்னும் தைரியம் வரவில்லை.

அணை கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தைப் பற்றி அப்பாயியின் வீட்டிலும் கதைகள் உண்டு; அணைக்கு முன்னால் டெல்டா, வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் மாறி மாறி வாய்க்கரிசி போட்ட நிலம்தான். அந்த அணைத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த உடம்பு இது. எனக்கு இருக்கும் மனத்தாங்கல் வேறு. மேட்டூரில் ஆளுநரின் பெயர் இருக்கிறது, பொறியாளரின் பெயர் இருக்கிறது. பூங்காவுக்கு வருகிறவர்கள் மீன் வறுவல் தின்றுவிட்டுப் பதினாறு கண் மதகின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முழுகிய ஊர்களின் பெயர்களை எழுதிய ஒரு பலகையை நான் அங்கே பார்த்ததில்லை. ஒரு பலகைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அம்மாயி 1996இல் காலமானார். அவர் பெட்டியில் அந்த மஞ்சள் துணி முடிச்சு அவிழ்க்கப்படாமல் இருந்தது.

பிறகு 2017. அதற்கு முந்தைய ஆண்டு மழை பொய்த்ததில் அணை ஒரு குளம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கட்டிய நாளிலிருந்து 83 ஆண்டுகளில் முதன்முறையாக அணையைத் தூர்வாரும் வேலை அந்த மே மாத இறுதியில் தொடங்கியது. வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஒரு கல்யாணத்துக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, நந்தியைப் பார்க்க வேண்டும் என்று தானாகவே கேட்டார். அம்மாவும் நானும் அவரை அழைத்துக்கொண்டு போனோம்.

1983இல் நாங்கள் இரண்டு பேர் நடந்த வெளியில் இப்போது ஒரு திருவிழாக் கூட்டம். நந்தியின் முதுகில் ஏறிச் செல்பி எடுக்கிறார்கள். ஐஸ் வண்டி, வெள்ளரிக்காய், வேர்க்கடலை. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நந்திக்கு அருகே போய்க் கையைக் கூப்பினார், உடனே திரும்பிவிட்டார். "இதை நான் பாத்திருக்கவே கூடாதுடி" என்று என்னிடம் சொன்னார். "எங்க அம்மா இருந்தா திட்டியிருக்கும்." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு அப்படி இல்லைல்ல அண்ணி?" என்றார். நாற்பது ஆண்டுக்கும் மேலான உறவில் இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்டதை நான் அறியேன். அம்மா பதில் சொல்லாமல் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, வெடிப்பு இல்லாத இடமாகப் பார்த்துத் தெற்கே அழைத்துப் போனார்.

செங்கல் வரிசை கிடைக்கவில்லை. ஆட்டுக்கல்லையும் காணோம், புதைந்ததோ, யாரேனும் தூக்கிப் போனார்களோ. நாங்கள் தேடிக்கொண்டிருந்த பக்கத்திலேயே டிராக்டர் ஒன்று வண்டல் ஏற்றிக்கொண்டிருந்தது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, கரைக்கு மேலே தன் மஞ்சள் காட்டுக்கு என்றும், இது எட்டாவது லோடு என்றும் அந்த மனிதர் சொன்னார். ஒரு பிடியை முடிந்துகொண்டு வந்த வீட்டுப் பெண்ணுக்கு, டிப்பர் டிப்பராகப் போகும் அந்த மண்ணைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அதற்குப் பிறகு அந்த டிராக்டர்க்காரரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா வெளையுதுங்களா?"

அடுத்த ஆண்டு ஜூலையில் அணை நிறைந்தது. அன்று காலையிலேயே அத்தை தஞ்சாவூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணி, நூத்தி இருபது. நிறைஞ்சிருச்சாம்."

அம்மா அந்தக் குட்டை வாசல்நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"ஆமா, டி.வி.ல சொன்னாங்க. மூடிக்கிச்சு" என்றார். பிறகு, "குறுவைக்கு ஆவாது, சம்பாவுக்காச்சும் ஆவுமில்ல?" என்று கேட்டார்.